எட்டு மில்லிமீட்டர்

வொரு நகரத்து ரொட்டிக்கடையிலிருந்து
மாவு படிந்து வந்து சேர்ந்தது பெட்டி.
பன்னிரண்டு வோல்ட் தரவேண்டியது
பத்தொன்பது தந்து
அடுப்பின் கடிகாரத்தைப் பொசுக்கிவிட்டதாம்.

பலகை ஓரத்தில் என் கையெழுத்து.
பதினோரு வருடத்துக்கு முன், தார்த்துவில்
ஆறு உறைந்துகிடந்த பிப்ரவரியில் வரைந்தது.

இந்தப் பக்கம் நானூறு வோல்ட்.
அந்தப் பக்கம் பொத்தானைத் தொடும் ஈரக் கை.
நடுவே நான் வெட்டச் சொன்ன பிளவு, எட்டு மில்லிமீட்டர்.
செம்பு தாண்டக் கூடாது.
வெளிச்சம் தாண்டலாம்:
கறுப்புச் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விளக்கு,
எதிரே அதைப் பார்க்க ஒரு கண்.
விளக்குக்குத் தெரிந்த ஒரே சொல்
'போதும்'.

அடுப்புச் சூட்டில் அது மங்கியிருக்கிறது.
மங்க மங்க
இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறது,
குரல் எட்டாமல் போகும்வரை.
எதிர்ப்பக்கமோ
மௌனத்தைப் பசி என்று எடுத்துக்கொண்டு
அள்ளி அள்ளிப் போட்டது.

அதைக் குற்றம் சொல்ல முடியாது.
சத்தம் வராவிட்டால் நிறுத்து என்று
நான்தான் சொல்லிவைக்கவில்லை.

"சில்லை மாத்தி அனுப்பிடு, ஊர்வே" என்றான் கால்யு.
மாற்றினேன். அனுப்பவில்லை.
பாதி வெளிச்சம் போனாலும் கேட்கும்படி
மின்தடையைக் குறைத்தேன்.
பக்கத்தில் இன்னொரு விளக்கு வரைந்தேன்,
எல்லை மீறினால் மட்டும் எரிய.

"அதுவும் மங்கும்தானே?"

எரியாமலே இருந்தால் அவ்வளவு சீக்கிரம் மங்காது என்றேன்.
சொல்லிவிட்டு
கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.
விரலெல்லாம் மாவு.