எண்பத்தேழாம் கல்

ஆவணி பாதி. சோளகம் இன்னும் ஓயவில்லை.
அம்பகாமத்தில் குளத்தின் அலைகரை வெடித்துக் கிடக்கிறது,
ஒவ்வொரு வெடிப்பும் குளம்பு நுழையுமளவு வாய்.
போன மாசியில் விரால் பிடித்த இடத்தில்
செம்மறிகள் நிற்கின்றன,
ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று தலை செருகி.

அறுபத்திரண்டு. நான் எண்ணியது.
டிலக்சன் எண்ணினால் அறுபத்தொன்று.
அவனுக்கு ஒரு கண் எப்போதும் கைபேசியில்.

கிழக்கே, பாலைகளுக்கு முன்னால்,
வன இலாகா நட்ட கற்கள்.
மஞ்சள் பூசிக் கறுப்பில் இலக்கம்.
எண்பத்தேழாம் கல்லுக்கு அப்பால் மேய்க்கக் கூடாதாம்.
சிங்களத்தில் வந்த கடிதத்தைச்
சந்தியில் பாமசிக்காரர்தான் வாசித்துச் சொன்னார்.

கடாவுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.
அது நாளும் அந்தக் கல்லில்தான் முதுகு தேய்க்கும்.
ஏழின் தலைக்கோடு தேய்ந்து
இப்போது அது எண்பத்தொன்று.
இன்னொரு எண்பத்தொன்று குளக்கட்டடியில் நிற்கிறது.
சைக்கிளில் வந்த உத்தியோகத்தர்
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
தண்ணி கேட்டார்,
குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் எரு லொறி.
சாக்குக்கு யோசப் அண்ணை ஒரு விலை சொல்வார்,
நான் ஐம்பது கூட்டிச் சொல்வேன்.
இந்தக் காட்டின் புல்லும் இக்கிரியும் விளாத்தித் துளிரும்
புழுக்கையாகிக்
கோண்டாவில் வெங்காயத்துக்குப் போகின்றன.
எந்தக் கல்லும் அதை மறித்ததில்லை.

பொழுதுபட, அலம்பல் வேலிக்குள் அடைக்கும்போது
அறுபத்தொன்று.
காலையிலும் அவன்தான் சரி.
சொல்லிக் காட்டாமல் டோர்ச்சை எடுத்து நீட்டினான்.

கல்லைத் தாண்டி நெடுந்தூரம்.
வீரைமரத்தடியில் சுட்டி நெற்றி மறி,
காலடியில் ஈரம் காயாத குட்டி.
பத்தடி தள்ளி ஒரு நரி,
சோற்றுக்கு அழைக்கப்பட்டது போல
மரியாதையாய்க் குந்தியிருந்தது.
டோர்ச்சை அதன் கண்ணில் அடித்தேன்.
எழும்பியது. போகவில்லை.
நாங்கள்தான் போனோம்,
குட்டி என் சட்டைக்குள்,
தாய் என் முழங்காலை இடித்தபடி,
நரி கொஞ்சத்தூரம் கூடவே.

கொப்பியில் திகதி, நிறம், ஆண், பெண்.
பிறந்த இடமென்று நிரை கிடையாது.
அறுபத்துமூன்று என்று எழுதினேன்,
விரல் அடையாளம் தாளில் பதிந்துவிட்டது.

வெளியே டிலக்சன்
கொட்டிலின் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
மழை வராது.
அவனுக்கும் தெரியும்.