நாற்பத்தேழாம் ஆட்டம்

மார்ச். ஹௌட்டனில் இன்னும் இடுப்பளவு பனி.
ஹாக்கி அரங்கின் உறைந்த தரைமேல் பலகை பரப்பி
அதன்மேல் கம்பளம் விரித்திருக்கிறோம்.
கீழிருந்து ஏறும் குளிர் இரு அணிக்கும் ஒன்றுதான்.
அதைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் முறையிடவில்லை.

வாரநாளில் நான் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
தள்ளிய இடத்திலேயே மறுநாளும் கிடக்கும்.
'மறுபடியும்' எனக்குப் பழகிய சொல்.
இன்று வரிக்கோட்டுச் சட்டை, கழுத்தில் விசில்.

நாற்பத்தேழாம் ஆட்டத்தில்
நீல அணியின் மூன்றாவது ரோபோ
வளையத்தைத் தூக்கிய கையோடு நின்றது.
ஒன்பது நொடி.
பிறகு, எங்கே விட்டதோ அங்கிருந்து நகர்ந்தது,
தும்மல் முடிந்தவரைப் போல.

ஆட்டம் முடிந்ததும் சிக்னே லாஹ்டி
தரையில் டேப் ஒட்டிய கட்டத்துக்குள் வந்து நின்றாள்.
கேள்வி கேட்கும் இடம் அது. பெரியவர்கள் வரக்கூடாது.
அவள் பயிற்சியாளர் தடுப்புக்கு அப்பால்
வாயை மூடிக்கொண்டு கைகளால் கத்திக்கொண்டிருந்தார்.

வயர் கழன்றால் உன் பாடு.
செயின் அறுந்தால் உன் பாடு.
நீ எழுதிய நிரல் நடுவழியில் திகைத்து நின்றால்
அதுவும் உன் பாடுதான், பெண்ணே.
களம் தவறினால் மட்டும்,
எங்கள் கம்பி, எங்கள் அலைவரிசை தவறினால் மட்டும்,
ஆட்டம் திரும்ப வரும்.
அதுவும் அந்தத் தவறு முடிவை மாற்றியிருந்தால்.
இருந்தால்.
அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது
சம்பளமில்லாத என் உத்தியோகம்.

டெல் பெரோ மடிக்கணினியை ஏந்திக்கொண்டு வந்தான்.
"மின்னழுத்தம் பார், பன்னிரண்டு.
அதற்கு உயிர் இருந்திருக்கிறது. செத்தது நம் அலைவரிசை."
தோற்றது நான்கு புள்ளியில். வளையம் ஒன்றுக்கு ஐந்து.
காலையிலிருந்து ஆறு நொடிக்கொன்று போடுகிறாள்.
கணக்கு முடிந்தது.

கணக்கில் வராதது சிவப்புப் பக்கம் நின்றது.
பராகா பள்ளி. மூன்று வருடமாக அவர்கள் ரோபோ
கடைசி நொடிகளில் குறுக்குக் கம்பியைப் பிடிக்கும்,
வழுக்கும், விழும்.
இன்று பிடித்தது. ஏறியது.
சக்கரத்துக்கும் கம்பளத்துக்கும் நடுவே ஒரு சாண் காற்று.
ஐவர் டெஷோ பாதுகாப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை,
உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது.
அவன் அம்மா, முன்பின் தெரியாத வரிசைக்கெல்லாம்
போனில் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்பார்கள்.
வரும் என்கிறது எங்கள் விதிப்புத்தகம்,
பத்து நிமிடம் கழித்து, புது பேட்டரி போட்டுக்கொண்டு.
மைக்கை வாங்கிச் சொன்னேன்:
"நாற்பத்தேழு செல்லாது. மறு ஆட்டம்."
பாதி அரங்கம் கைதட்டியது.
எந்தப் பாதி என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு ஆட்டத்தில் அலைவரிசை அரை நொடியும் பிசகவில்லை.
நீலம் பதினெட்டுப் புள்ளியில் தோற்றது.
பராகாவின் கொக்கி
கம்பியைப் பிடித்தது, வழுக்கியது.

ஐவர் கட்டத்துக்குள் வந்து நின்றான்.
ஜெயித்தவர்கள் அங்கே வருவது வழக்கமில்லை.
"அந்த முதல் ஏற்றம் எங்காவது பதிவில் இருக்குமா?"
"இருக்காது."
"செய்த தீர்ப்பு சரிதானே?"
"சரிதான்."
"சரி. கேட்டுவைத்தேன்" என்று
ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போனான்.

ராத்திரி எனக்கு ஷிஃப்ட்.
பாலத்தில் இரும்பு இணைப்பு வரும் இடத்தில்
லாரியின் கத்தியை ஒரு சாண் தூக்க வேண்டும்.
தூக்கினேன்.
இணைப்பு தாண்டியும் கொஞ்ச தூரம்
தூக்கியபடியே ஓட்டியிருக்கிறேன்.
கண்ணாடியில் பார்த்தால், பின்னால்
தொடாத பனி ஒரு கீற்று.

வண்டியைத் திருப்பினேன்.