ஆம், இல்லை, சந்தேகம்

பச்சைமிளகாய் ஊறப்போடும் வினிகர்
செவ்வாய்க்கிழமையிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது.
திருடர்கள் யாரென்று தெரியும்:
மூன்றாம் ஆண்டு செம்பருத்தி வகுப்பு,
லோஷினி, கிஷோதரன், பல் விழுந்த தர்வேஷ்.

இடைவேளை மணி அடித்ததும்
என் மீகோரெங் வரிசைக்கு வராமல்
கடைசி மேசையில் கல் பரப்புகிறார்கள்.
கோம்பாக் ஆற்றுக் கல் ஒன்று.
கொண்டோ கட்டுமிடத்தில் பொறுக்கிய செங்கல் துண்டு.
பத்துமலைக்குப் பின்புறம், குரங்கு துரத்தத் துரத்த
பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்த சாம்பல் கல்.
முதலில் ஆணியால் சுரண்ட வேண்டும்.
பிறகு ஒரு சொட்டு.
பிறகு யாரும் பேசக்கூடாது.

"காது வச்சிக் கேளுங்கக்கா" என்றான் தர்வேஷ்.
கரண்டியோடு குனிந்தேன்.
எண்ணெயில் கடுகு வெடிப்பது தெரியும் எனக்கு,
சோடா மூடி திறப்பது தெரியும்.
இது அதையெல்லாம்விடச் சின்னது.
கல் தன் மூச்சை
நுரை நுரையாக விட்டுக்கொண்டிருந்தது.

நோட்டில் மூன்று கட்டம்: ஆம். இல்லை. சந்தேகம்.
ஆற்றுக் கல், இல்லை. செங்கல், இல்லை.
முட்டை ஓடு, ஆம். அதற்காக என் குப்பைத்தொட்டியே கவிழ்ந்தது.
கிஷோதரன் நெற்றியிலிருந்து வழித்த விபூதி
லேசாகப் பொங்கியது.
சாமியா, பாக்கெட்காரன் கலந்த சுண்ணாம்பா என்று
சண்டை முற்றி,
சந்தேகம்.

புதன்கிழமை என் கொய்தியாவ் வாளியிலிருந்து
ஒரு கெராங் ஓட்டை எடுத்தாள் லோஷினி.
மலைக் கல்லோடு அதை ஒட்டி வைத்து
இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு விட்டாள்.
இரண்டும் ஒரே மாதிரி பொங்கின.
"அப்போ மலை கடலுக்குள்ள இருந்துச்சா?"

தைப்பூசத்துக்குத் தைப்பூசம்
இருநூற்று எழுபத்திரண்டு படி, தலையில் பால்குடம்.
சிப்பிக்குள்தான் போய்க் கும்பிடுகிறேன் என்று
என் கால் ஒருநாளும் சொன்னதில்லை.

கேண்டீன் தரையிலும் சொட்டினார்கள். அதுவும் பொங்கியது.
மழைத் தண்ணீரும் கொஞ்சம் புளிப்பென்று
டீச்சர் சொன்னாராம்.
அன்று சாயங்காலம் செந்தூல் பக்கம் நல்ல மழை.
பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து,
கோலாலம்பூர் கரைய எத்தனை வருஷமாகும் என்று
கணக்குப் போட்டேன். வரவில்லை.

வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் குப்பி.
போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில்
என் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்,
மிளகு அளவுதான்.
மூன்று ராத்திரி நான் கத்தியது இதற்காக.
எறிய மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மேசையில் வைத்தேன்.
"எங்கக்கா பொறுக்கினீங்க?"
"உள்ளேர்ந்து."
மூன்று பேரும் ஒரு கணம்
என் வயிற்றைப் பார்த்தார்கள், மலையைப் பார்ப்பதுபோல.

லோஷினி மெல்லச் சுரண்டினாள்.
சொட்டு.
மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.
நானும் காது வைத்தேன்.
கடலில் எனக்கும் ஒரு பங்கிருக்கும் என்று
எங்கேயோ நினைத்திருக்கிறேன் போல.

சத்தமில்லை.

"சாரிக்கா" என்றாள்.
பென்சிலை அழுத்தி எழுதினாள்:
கேண்டீன் அக்கா கல், இல்லை.

தர்வேஷ் மட்டும் இன்னும் குனிந்திருந்தான்.
"இன்னொரு சொட்டு விட்டுப் பாப்பமா?"
போத்தலைக் கவிழ்த்துக் காட்டினேன். காலி.
"நாளைக்கு மிளகாய்க்கே எலுமிச்சைதான்டா."

"அதுவும் புளிப்புதானேக்கா"
என்றாள் லோஷினி.