பதினோரு நிமிடம்

காலை ஆறே காலுக்கு மேட்டில் ஏறிவிடுவேன்.
கழுத்தில் தொலைநோக்கி, இடுப்பில் வாக்கி டாக்கி,
பையில் நேற்றைய சப்பாத்தி.
கீழே பிளவுப் பள்ளத்தாக்கு
பனியை உதறிக்கொண்டிருக்கும்.
முதுகுக்குப் பின்னால் நாற்பது காற்றாலைகள்.

என் வேலையைச் சொன்னால் சந்தையில் சிரிக்கிறார்கள்.
வானத்தைப் பார்ப்பது.
பாறு வந்தால், அந்தப் பிணந்தின்னிக் கழுகு வந்தால்,
எந்தக் கோபுரத்தை நோக்கி வருகிறதென்று கணிப்பது.
"பதினான்கை நிறுத்து" என்பேன்.
கட்டுப்பாட்டு அறையில் கெருபோ பொத்தானை அழுத்துவாள்.
ஐம்பது மீட்டர் இறக்கைகள்
மனமில்லாமல் மனமில்லாமல் ஓயும்.
பறவை கடந்து போகும்.
ஒருநாளும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருமுறை நிறுத்தினால் பதினோரு நிமிடம்.
அதன் விலையை
நைரோபியிலிருந்து வந்த கண்ணாடிக்காரர்
பலகையில் எழுதிக் காட்டினார்:
ஒரு பிரசவ விடுதிக்கு ஓர் இரவு வெளிச்சம்.
எங்கள் ஊருக்குக் கம்பி எப்போது வரும் என்றேன்.
அது வேறு துறை என்றார்.
கெட்டவர் இல்லை.
நிலக்கரி வேண்டாமென்று ஊர் ஊராகப் பேசியவர்.
கணக்கும் பொய்யில்லை.
என் மகள் பிறந்த இரவில்
பல்லால் கடித்த டார்ச் வெளிச்சத்தில்தான்
தாதி எனக்குத் தையல் போட்டாள்.

ஒரு பாறின் முதுகில் பெட்டி கட்டியிருக்கிறார்கள்,
வெயிலைத் தின்று உயிர் வாழும் சின்னப் பெட்டி.
கெருபோவின் திரையில் அது கோடு இழுத்துக்கொண்டே போகிறது:
ஜனவரியில் சூடானில் செத்த ஒட்டகம்,
மார்ச்சில் எத்தியோப்பிய மலையில் இறைச்சிக் கூடத்துக் குப்பை,
பிறகு தான்சானியப் புல்வெளி,
பிறகு நாங்கள்.
கீழே ஒரு நாடு அணை கட்டுகிறது.
ஒரு நாடு சதுப்பை வெட்டிக் கால்வாய் ஆக்குகிறது.
தெற்கே ஒரு சந்தையில்
பாறின் மூளையைப் புகைத்தால் லாட்டரி எண் தெரியுமாம்.
அத்தனைக்கும் மேலே
எந்தச் சாவடியிலும் முத்திரை விழாத கோடு.
அதில் என் பங்கு பதினோரு நிமிடம்.

சனிக்கிழமை இரவு
கழுதைப்புலிகள் எங்கள் பட்டிக்குள் புகுந்தன.
ஒன்பது ஆடுகள். சினைப்பசு ஒன்று.
தம்பி பர்சலோய் அழவில்லை.
போன வருஷத்து நஷ்டஈட்டு மனுவே
இன்னும் எந்த மேசையிலோ.
பசுவை ஓடைக்கரை வரை இழுத்துப் போட்டான்.
ஞாயிறன்று கடைவீதியிலிருந்து கொண்டுவந்தான்
உள்ளங்கை அளவுப் பொட்டலம்,
ஊதா நிறக் குருணை.
தக்காளிப் பூச்சிக்கு என்றாராம் கடைக்காரர்.
எங்களிடம் தக்காளிச் செடி இல்லை.

நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
இருவரும் தேநீர் குடித்தோம்.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

இன்று திங்கள். பத்து மணி.
பாறைகள் சூடேறி வெப்பம் மேலெழுகிறது.
வடக்கிலிருந்து ஒன்று.
பிறகு மூன்று.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"எந்தக் கோபுரம்?" என்கிறாள் கெருபோ.

எந்தக் கோபுரமும் இல்லை.
என் தலையைத் தாண்டி,
காற்றாலைகளைச் சட்டை செய்யாமல்,
சுற்றிச் சுற்றி இறங்குகின்றன
உலர்ந்த ஓடையருகே
ஒரு பழுப்பு மேட்டை நோக்கி.
அந்த மேட்டைப் பெயர் சொல்லி அழைத்து
நான் பால் கறந்திருக்கிறேன்.

"நசியேகு, எந்தக் கோபுரம்?"

வாக்கி டாக்கியைக் கல்லின் மேல் வைக்கிறேன்.
அது என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.
மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றியபடி
சரிவில் ஓடுகிறேன்.
கத்துகிறேன், என்ன வார்த்தையென்று தெரியாமல்.
சறுக்கி விழுந்து, முழங்கை தேய்ந்து, எழுந்து,
மறுபடி கையைச் சுழற்றி
மிரண்டு போங்கள், என்னைக் கண்டாவது மிரண்டு போங்கள்

முதல் பாறு
கால்களை நீட்டித் தரை தொடுகிறது.
எனக்கு இன்னும் முக்கால் சரிவு இருக்கிறது.