செல்லாக்காசு

திங்கள்நகர் கூட்டுறவுச் சங்கத்தில்
நகை மதிப்பீட்டாளர் நான்.
சோற்றுக்கு எழுகிற நேரம் பார்த்து
கடியபட்டணம் வியாகுலம்
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
ஐந்து வெள்ளிக்காசுகளை என் தட்டில் கொட்டினார்.
"கரமடியிலே ஏறினது. அஞ்சும்.
எஞ்சின் நின்னு போச்சு, பாத்துப் போடுங்க."

வெள்ளிக்கு இங்கே கடன் கிடையாது.
சொல்லியிருக்கலாம்.
அதற்குள் லென்ஸைக் கண்ணில் வைத்துவிட்டேன்.

ஐந்திலும் ஒரே தலை.
இலைமுடி, கூர்மூக்கு, சுற்றிலும் எழுத்து.
பின்னால் நாற்காலியில் ஒருத்தி,
ஒரு கையில் கோல், மறு கையில் சுள்ளி.
"திபேரியு" என்றேன்.
"வேதத்திலே வாற ராசாவா?"
வியாகுலம் செருப்பைக் கழற்றினார்.
பிறகு, அது யார் காலம் என்று யோசித்து,
மாட்டிக்கொண்டார்.

நான்கு காசு ஒரே எடை, மில்லிகிராம் பிசகாமல்.
விளிம்பில் வார்ப்பின் தையல்.
நான்கு கன்னத்திலும்
ஒரே இடத்தில் ஒரே கீறல்.
நான்கு ராசாக்கள்
ஒரே கல்லில் தடுக்கி விழுவார்களா?

காந்தத்தை நீட்டினேன்.
எதுவும் அசையவில்லை.
ஐந்தாவதன் எழுத்திடுக்கிலிருந்து மட்டும்
கருமணல் நாலைந்து பொடி
துள்ளி வந்து ஒட்டியது,
மணவாளக்குறிச்சிக் கரையில் நடந்துவந்து
என் மகள் வீடெல்லாம் உதறுகிற
அதே மணல்.

நிமிர்ந்து பார்த்தேன்.
"மத்தது நாலும் கன்னியாகுமரி சங்குக்கடை.
ஒத்தையா கொண்டுவந்தா
நம்பமாட்டியன்னு..."

ஐந்தாவது கொஞ்சம் கோணல்.
மூன்று கிராம் சொச்சம்,
இருக்கவேண்டியதில் ஐந்திலொரு பங்கு குறைவு.
சீசர் கழுத்தின் குறுக்கே ஓர் உளிவெட்டு.

உரைகல்லுக்குப் போன கை
பாதியில் நின்றது.
எனக்கு முன்பே ஒருத்தி
இந்த வேலையைப் பார்த்திருக்கிறாள்.
ஒருத்தி என்றுதான் தோன்றியது, ஏனென்று தெரியாது.
அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்காது அவளுக்கு,
ராசா முகமென்ற பயமும் இல்லை.
உள்ளே என்ன?
அது மட்டும் வேண்டும்.

லென்ஸை வெட்டுக்குள் இறக்கினேன்.
பச்சை.
செம்பு. மேலே வெள்ளித்தோல்.
ரோமிலோ வருகிற வழியிலோ
எவனோ செய்து தள்ளிய கள்ளக்காசு.

நல்ல காசெல்லாம் அப்போதே உருகி
கொலுசாகவும் அரைஞாணாகவும் நடந்து போயிருக்கும்.
இதை அவள் வைது
கடலைப் பார்த்து வீசியிருப்பாள்.
அதனால் இருக்கிறது.

"நல்லதா, கெட்டதா?"

பேரேட்டில் அதற்கு இரண்டே கட்டம்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
"ரெண்டாயிரம் வருசத்துக் கள்ளம்.
தாசில்தாரிட்டே ஒப்படைக்கணும்."
"தாசில்தார் எஞ்சின் தருவாரா?"
என்னிடம் பதில் இல்லை.
நான்கையும் தனியே முடிந்துகொண்டார்
சங்குக்கடைக்காரன் திருப்பி எடுப்பானா என்று
வாசல்வரை முனகியபடி.
ஐந்தாவதைச் சட்டைப் பையில் போட்டார்,
அந்தோணியார் படத்துக்குப் பின்னால்.

சோறு ஆறிப்போயிருந்தது.
மாலையில் ஒரு தாலிச்சங்கிலி வந்தது,
தெரிந்த வீடு, தெரிந்த முத்திரை.
வழக்கத்தைவிட ஓர் இழை
ஆழமாக உரைத்தேன்.