தலைகீழ்க் கல்

தோஹாவிலிருந்து பளிங்குக் கல் வந்தது,
அரபுப் பத்திரிகைத் தாள் சுற்றி.
பொம்மைவெளியில் நாற்பது வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி,
அதற்குக் காசு தந்தவரின் பெயர் அதில்.

கொக்குவில் விமலேந்திரன் சீமெந்து குழைத்தபடி
"எது மேல்பக்கம் நானா?" என்றான்.
எனக்கு ஓதத் தெரியும்.
இது ஓதுகிற எழுத்தில்லை,
கிளுவை வேலி மாதிரிப் பின்னிக் கிடந்தது.
புள்ளி கூடின பக்கத்தைக் காட்டினேன்.

பதினொரு நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
குடமும் கானும் வந்து போயின.
கல்லுக்குக் கீழே பஸ்மியா பெயின்றால் எழுதினாள்:
"இதில் கால் கழுவ வேண்டாம், தண்ணி குறைவு."
அதை எல்லாரும் வாசித்தார்கள்.
கழுவியவர்களும்.

படம் அனுப்பினோம்.
தோஹாவிலிருந்து குரல் வந்தது, முதலில் சிரிப்பு,
பிறகு சிரிப்பில்லை.
மச்சான் மிஹ்ளார் என்னைப் பார்த்துத் தலையிலடித்தான்:
"மார்க்கத்தின் பாஷை தெரியாத மனுசன்!"

அந்த ஊரில் பதினாலு வருசம் லொறி கழுவினேன்.
ஜும்ஆவில் தோளோடு தோள் நின்றவன்
வாசலில் செருப்பு மாட்டியதும் என்னை "ஹிந்தி" என்பான்.
புத்தளத்தில் நான் அகதி.
திரும்பி வந்து பழைய இரும்புக் கடை போட்டபோது
"எந்த ஊர்?" என்று கேட்டார்கள்,
நான் பிறந்த சோனகத் தெருவில் வைத்து.

இப்போது வீட்டுக்குள்ளும் திருத்தம்.
நோன்பு என்றால் "ஸவ்ம், வாப்பா" என்கிறான் மகன்.
பெருநாள் என்றால் "ஈத்."
சரி மகன்.
ஆனால் தொழுது முடித்துக் கையேந்தி
கடன், மழை, உன் சோதனை முடிவு என்று
நான் கேட்பதெல்லாம் இந்தப் பேச்சில்தான்.
"விளங்கேல்லை" என்று
இதுவரை பதில் வந்ததில்லை.

விமலேந்திரன் உளியோடு வந்தான்.
பெயர்க்கையில் ஒரு மூலை உடைந்தது.
கூலி வேண்டாம் என்றான், பிறகு அரைநாளுக்கு வாங்கினான்.
கல் இப்போது நேராக நிற்கிறது, மச்சான் சொல்கிறான்,
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உடைந்த மூலையில் சீமெந்து காயுமுன்
மகன் குந்தியிருந்து விரலால் தன் பெயரை எழுதினான்.
மக்காவில் பிறந்த பிள்ளைக்கும் பொருந்துகிற பெயர்,
தேடித் தேடி மச்சான் வைத்தது.
முதலில் அ.
பிறகு சற்று யோசித்து
மூன்று விரல் நுனியையும் சேர்த்து
ஒரே அழுத்து:
ஃ