படிவத்தில் இல்லாத கட்டம்

இரண்டாம் ஆராதனை முடிந்து
காப்பி டம்ளர்களைக் கழுவுவதற்குள்
ஆளுக்கொரு தெருவாகப் பிரித்தார்கள்.
எனக்கு விழுந்தது
லிங்கராஜபுரம் ரயில் பாதையை ஒட்டிய சந்து.
துணைக்கு ஆசீர்வாதம் அண்ணன்.
ஐ.டி.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர்,
கதவைத் தட்டுமுன்
தொண்டையை இரண்டு முறை செருமுகிறவர்.

கையில் படிவம்.
குடும்பத் தலைவர் பெயர். ஆட்கள் எத்தனை.
தேவை: அரிசி, போர்வை, ஃபீஸ், மருந்து.
பொருந்துவதை டிக் செய்யவும்.
முடிந்தால் ஒரு போட்டோ,
சபை வாட்ஸ்அப் குழுவுக்கு.

முதல் வீட்டில்
"ஏசு கூட்டமா?" என்றது ஜன்னல்.
பதில் சொல்வதற்குள் சாத்திக்கொண்டது.
அடுத்த வீட்டில் ஒரு கன்னடக்கார அம்மா
"நம் தேவரு நமகே சாக்கம்மா" என்று சிரித்து
சொம்பு நிறையத் தண்ணீர் தந்தார்.
வெயில். குடித்தோம்.
நாலாவது வாசலில் ஆட்டோவுக்குள் படுத்திருந்த
சித்தராஜு எழுந்து உட்கார்ந்தார்.
"அரிசி எல்லாம் பேடா.
ராத்திரி பூரா வண்டி ஓட்டுறேன்.
காலையில உங்க ஸ்பீக்கர்
என் தலைமாட்டுலதான் பாடுது.
அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க."
படிவத்தில் அதற்கு இடமில்லை.
அண்ணன் ஓரத்தில் எழுதிக்கொண்டார்:
ஸ்பீக்கர்.

கடைசி வீடு. தகரக் கதவு.
சிவரஞ்சனி, ஊத்தங்கரைப் பக்கம்,
இருபத்திரண்டு வயது என்றாள்.
கண்ணைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.
புருஷன் ஒயிட்ஃபீல்டில் சென்ட்ரிங் வேலை,
பதினைந்து நாளுக்கொருமுறை வருவான்.
பாயில் இரண்டு பிள்ளைகள், மூன்று மாதம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
பெரியது, சின்னது.
நடுவில் பதினோரு நிமிடம்.

"அரிசி இருக்குதுக்கா.
ரேஷன்ல வாங்கினது அப்படியே இருக்குது."
போர்வை? இருக்குது.
மருந்து? தலையாட்டினாள்.
பேனாவை மூடப் போனேன்.
"ஒரு மணி நேரம் இதுங்கள
வெச்சிக்கிறீங்களா?"

நாங்கள் சரியென்று சொன்னோமா,
நினைவில்லை.
பெரியது என் மடியில்.
சின்னது அண்ணன் கையில்.
மூன்று பிள்ளை பெற்ற மனிதர்
கேக் பெட்டியைப் பிடிப்பதுபோல்
பிடித்துக்கொண்டு நின்றார்.
அவள் சுவரோரம் சாய்ந்தாள்.
முந்தானையை இழுத்து முகத்தில் போடுவதற்குள்
தூங்கிவிட்டாள்.

மேலே ஒரு ரயில்.
அடுக்கிய தட்டுகள் கொஞ்சம் பேசின.
பிள்ளைகள் அசையவில்லை,
அவளும் அசையவில்லை.
என் ஞாயிற்றுக்கிழமைப் பட்டில்
வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.
போட்டோ எடுக்க யாருக்கும் கை இல்லை.
அண்ணன் எதையோ முணுமுணுத்தார்,
ஜெபம் என்று நினைத்துக் காது கொடுத்தேன்.
ஐ.டி.ஐ. பஸ் நின்ற ஸ்டாப்புகள்,
ஒன்றுவிடாமல், வரிசையாக.
சின்னதுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திடுக்கிட்டு எழுந்தாள்.
முதலில் ஆணியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள்,
பிறகு பிள்ளைகளை,
பிறகு எங்களை.
அந்த வரிசையில்.
வாசல் வரை எனக்கு உறுத்தியது.
தெருமுனை வந்ததும்
நியாயம்தான் என்று பட்டது.

புதன்கிழமை கமிட்டி.
பொருளாளர் ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்தபடி
"இந்தப் படிவத்துல ஒண்ணுமே டிக் ஆகலையே,
இது எந்தக் கணக்கு?" என்றார்.
தூக்கம் என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
ஆயர் சிரிக்கவில்லை,
அவர் வீட்டிலும் கைக்குழந்தை.
"அந்த அம்மா ஆலயத்துக்கு வருவாங்களா?"
தெரியவில்லை. கேட்கவில்லை.
"அப்ப இதனால சபைக்கு..."
என்று தொடங்கியவர்
டீ வந்ததும் விட்டுவிட்டார்.

வியாழன்தோறும் இரண்டிலிருந்து நான்கு வரை
நான் போகிறேன், பழைய நூல் சேலையில்.
அண்ணன் எனக்கு முன்பே வந்து
வெளியில் செருமிக்கொண்டு நிற்கிறார்.
போன வாரம் அவள் ஆணியைப் பார்க்கவில்லை.
பை அங்கே இல்லாமலும் இருந்திருக்கலாம்.
அந்தப் படிவம் என் வேதாகமத்தில் கிடக்கிறது,
நான் அதிகம் திறக்காத லேவியராகமத்தில்.

ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டோம்.
இப்போது அது
ரயில் பாதையைப் பார்த்துப் பாடுகிறது.
ரயில் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.